யாரும் சொல்லாமலே சுரண்டிய சுவர்

வெகு காலத்துக்கு முன்னால் வேணாவூர் என்ற சின்ன நாட்டை விடங்கராயன் என்ற ராஜா ஆண்டு வந்தான். அவனுடைய சித்திர மண்டபத்தில் பொழுது சாய்ந்தால் ஒரு சத்தம். சர்க், சர்க். பேய் என்று பயந்து காவல்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பேயில்லை என்று செண்பகவடிவுக்குத் தெரியும். அந்தச் சத்தத்தில் ஒரு பங்கு அவளுடையது.

அண்டை நாட்டுப் படை ஆற்றங்கரை ஊர்களை எரித்த கதையை அவளும் இன்னும் மூன்று ஓவியர்களும் அந்தச் சுவரில் தீட்டி வந்தார்கள். இப்போது அதே நாட்டிலிருந்து தூதர் வருகிறாராம். பேச்சு கிளம்பிய நாளிலிருந்து அவள் மண்டபக் கதவை அகலத் திறந்து வைத்தே வேலை செய்தாள். எதையோ ஒளித்து வரைகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே.

ஒருநாள் ராஜா சபையோடு வந்து பார்த்தான். சுவரெல்லாம் வெள்ளைத் திட்டு.

"சுரண்டிய கையை வெட்டவேண்டும், பிரபு," என்றார் ஆஸ்தானப் புலவர் தாண்டவராயர். ஓவியர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

மந்திரி நெடுமாடத்தார் மடியிலிருந்து ஓர் ஓலையை எடுத்தார். "அவசரப்படாதீர். தூதர் எழுதியிருக்கிறார். சித்திரத்தில் ஒன்று அவருக்குப் பிடிக்காதாம். அதை முன்கூட்டியே அழித்த புத்திசாலிக்குத் தங்கக் காப்பு. அழித்தவர் வந்து, தாம் அழித்த இடத்தைத் தொடலாம்."

சபையில் ஒருவர் ஓடிப்போய் எதிரிப் படையின் கொடி இருந்த இடத்தைத் தொட்டார். ஒருவர் நெருப்பை. ஒருவர் குதிரையை. "தள்ளும் ஐயா," என்று புலவர் இடித்துக்கொண்டு நுழைந்தார். "சித்திரத்துக்குக் கீழே அந்தப் படையைப் பழித்து என் பாட்டு இருந்ததே. அதை முதலில் சுரண்டியது நான்தான்."

"அப்படியென்றால் முதலில் வெட்டவேண்டியது உம்முடைய கையா?" என்றார் மந்திரி.

சபை சிரித்தது. செண்பகவடிவு மட்டும் இடுப்புக் குழந்தையோடு தூணோரம் நின்றாள்.

"நீ ஏன் வரவில்லை, அம்மா?" என்று மந்திரி அவளைக் கேட்டார்.

"காப்பு வேண்டாம், சாமி. ஆனால் நானும் சுரண்டினேன். எரியும் வீட்டு வாசலில் பிள்ளையோடு நிற்கிறாளே, அவளுடைய கண்களை."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை. எனக்கும் பிள்ளை இருக்கிறான்." அவளால் தலை நிமிர முடியவில்லை.

மந்திரி ஓலையைப் பிரித்து, நிஜமாகவே அதில் இருந்ததைப் படித்தார். "எங்கள் படை அங்கே என்ன செய்தது என்று எங்கள் ஊரில் எனக்கு யாரும் காட்டியதில்லை. வந்ததும் உங்கள் சித்திரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்."

சிரிப்பு நின்றது. ராஜா பின்னால் திரும்பினான். சுவரை மூட அவனே வரவழைத்த பட்டுத்திரை அங்கே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

"காப்பு உமக்கு, மந்திரி," என்றான் மெதுவாக. "சித்திரத்தை மறுபடி தீட்டப் புலவர் சாயம் அரைக்கட்டும். திரையை எடுத்துப் போங்கள். எனக்கும் வெட்கமாக இருக்கிறது."

சாயங்காலம் எல்லோரும் போனபின் செண்பகவடிவு பிள்ளையைப் பாயில் கிடத்தினாள். சித்திரத்துக்குக் கண் திறக்கும்போது ஓவியர் கதவைச் சாத்திக்கொள்வதுதான் வழக்கம். வாசலில் நிற்பவளின் கண்களை மறுபடி எழுத மையைக் குழைத்தாள். எழுந்து போய் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாள்.