பரிசலுக்கு அடியில் மூன்று பேர்

ஆறுகளுக்குப் பாலம் என்றால் என்னவென்றே தெரியாத காலம் அது. அப்போது கூத்தாடியாறு என்று ஓர் ஆறு இருந்தது. அதன் கரையில் நீர்மங்கலம் என்று ஒரு நாடு, அந்த நாட்டுக்குச் சேந்தன் என்று ஓர் இளவரசன். பெயர்களை மறந்தாலும் பாதகமில்லை, ஆற்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். கதை முழுவதும் அதில்தான் மிதக்கப் போகிறது.

சேந்தன் நல்ல பிள்ளை. அவனிடம் ஒரே ஒரு குறை. அவன் எதிலும் தோற்றதே இல்லை.

இது ஒரு குறையா என்று கேட்கிறீர்களா? பொறுங்கள். அவனுடைய தகப்பன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். தாய் பெருந்தேவிக்கு அவன் ஒற்றைப் பிள்ளை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, மகாராணிக்குக் கேட்கவா வேண்டும்? "என் பிள்ளை முகம் வாடக் கூடாது" என்று அரண்மனை முழுக்கக் கட்டளை போட்டுவிட்டாள்.

அதனால் சேந்தன் வில் எடுத்தால், இலக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு ஒரு காவலன் அம்பு போகும் பக்கமெல்லாம் ஓடுவான். அம்பு பலகையைத் தேடிப் போகாது, பலகைதான் அம்பைத் தேடி வரும். சேந்தன் மல்யுத்தத்துக்கு இறங்கினால், அவன் தொடை தட்டும் சத்தத்துக்கே எதிராளி மல்லாந்து விழுவான். ஒருமுறை சேந்தன் தும்மியதற்கே ஒரு மல்லன் விழுந்துவிட்டான், பாவம்.

மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, அது சேந்தனுக்குத்தான் பொருந்தும். விழுந்தால்தானே ஒட்டும்!

மூன்றாவதாகப் பரிசல் வந்தது. அதில்தான் வினையே.

நீர்மங்கலத்தில் ஒரு வழக்கம் உண்டு. முடிசூடப் போகிறவன் ஆடிப்பெருக்கன்று தன்னந்தனியாகப் பரிசல் வலித்து, நடு ஆற்றுத் திட்டில் இருக்கும் அம்மனிடம் போய், அவள் காலடி மஞ்சளை எடுத்துவர வேண்டும். அன்றைக்கு வேறு யாரும் ஆற்றில் விரலைக்கூட நனைக்கக் கூடாது. மஞ்சள் வந்தால் முடி. வராவிட்டால் முடி சித்தப்பா நாகராயருக்கு.

சித்தப்பாவுக்கு அந்த மஞ்சள் வரவே கூடாது என்று ஆசை. அவர் அதை மறைக்கவும் இல்லை.

பெருந்தேவி என்ன செய்தாள் தெரியுமா? பிள்ளை பரிசல் பழகும்போது மூன்று முத்துக்குளிப்பவர்களைப் பிடித்து, வாயில் நாணல் குழாயைக் கொடுத்து, பரிசலுக்கு அடியில் விட்டுவிட்டாள். சேந்தன் மேலே துடுப்பைப் போட்டால், அவர்கள் கீழே தள்ளுவார்கள். பரிசல் கிழித்த கோட்டில் போகும். "பழகப் பழகப் பிள்ளைக்குத் தானாக வந்துவிடும்" என்பது அவள் கணக்கு.

தன் பரிசலோடு எப்போதும் மூன்று நாணல் கூடவே வருவதைச் சேந்தனும் பார்த்தான். மந்திரியிடம் கேட்டான். "அரசர் போகும் வழியில் புல்லும் பின்தொடரும் அல்லவா!" என்றார் மந்திரி. சேந்தனும் நம்பினான். புகழ்ச்சி என்றால் எவனும் உரசிப் பார்ப்பதில்லை.

ஆனி மாதம் பிறந்தது. கீழே இருந்த மூவரில் வீரணன் என்பவனுக்கு ஜலதோஷம் பிடித்தது. தும்மலுக்கு மகாராணி கட்டளை தெரியுமா? நடு ஆற்றில் வந்தது பாருங்கள் ஒரு தும்மல்! நாணல் குழாய் அம்பாகப் பறந்து சேந்தனின் தலைப்பாகையில் குத்தி நின்றது. பின்னாலேயே ஒரு தலை மேலே வந்தது.

"யார் நீ?" என்றான் சேந்தன்.

"நானுங்களா சாமி? நான்தான் உங்க தெறமை."

"என்ன உளறுகிறாய்?"

"முழுத் தெறமையும் நான் இல்லீங்க. இன்னும் ரெண்டு பேரு கீழ இருக்காங்க."

சேந்தன் தலைப்பாகையில் குத்திய நாணலைப் பிடுங்கிப் பார்த்தான். பிறகு மெல்லிய குரலில் கேட்டான். "அப்படியானால் என் வில்வித்தை?"

"அதுக்கு வேற ஆளுங்க சாமி" என்று வீரணன் மூக்கை உறிஞ்சினான்.

சேந்தனுக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் வெட்கம் வந்தது. ஆடிப்பெருக்கு நினைவுக்கு வந்ததும் பயம் வந்தது. அன்றைக்குத் தண்ணீருக்கு அடியில் ஒருத்தனும் இருக்க மாட்டான். பரிசல் நிறைய அவன் ஒருவன்தான்.

"இனிமேல் யாரும் என்னைத் தள்ளக் கூடாது. மூழ்கினால் மட்டும் தூக்கு" என்று வீரணனிடம் சொல்லிவிட்டுத் துடுப்பை எடுத்தான்.

பரிசலுக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. வலிக்கத் தெரியாதவன் வலித்தால் அது நின்ற இடத்திலேயே சுற்றும். சுற்றியது. சேந்தன் இன்னும் பலமாக வலித்தான். இன்னும் வேகமாகச் சுற்றியது. காலையில் சாப்பிட்ட பொங்கல் ஆற்று மீனுக்குப் போயிற்று.

"எல்லாரும் கோயிலச் சுத்துவாங்க, நம்ம ராசா ஆத்தையே சுத்துறாரு" என்று துணி துவைத்த பெண்கள் சிரித்தார்கள்.

சுற்றாமல் போகத் தெரிந்ததும், நீருக்குள் மறைந்திருந்த பாறையில் போய் முட்டினான். பரிசல் கிழிந்தது, முழங்கால் தோலும் கிழிந்தது. பாறையைத் தாண்டத் தெரிந்ததும், திட்டுக்குப் பக்கத்திலிருந்த சுழி பிடித்துக்கொண்டது. மல்லுக்கட்டினான். சுழி அவனைக் கவிழ்த்துப் போட்டது. வீரணன் குடுமியைப் பிடித்துத் தூக்கி வந்தான்.

"ஐயோ, என் கண்ணு! மீசையெல்லாம் மண்ணா இருக்கேடா!" என்று பெருந்தேவி முந்தானையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"மண் மட்டுமா அம்மா, பாசியும் இருக்கிறது" என்றான் சேந்தன். முகம் வாடித்தான் இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் மறுபடியும் ஆற்றில் நின்றான். விழுவதில் அவனுக்கு ஒரு வைராக்கியம் வந்திருந்தது. ஓர் இடத்தில் விழுந்தால் அங்கேயே திரும்பப் போவான். ஏன் விழுந்தோம் என்று பார்ப்பான். மறுபடியும் விழுவான், ஆனால் முன்பு விழுந்த மாதிரி விழ மாட்டான்.

சித்தப்பா நாகராயர் வெற்றிலையும் கையுமாகத் தினமும் கரைக்கு வந்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு மனசு குளிர்ந்தது. ஒருநாள் வீட்டுக்குப் போகும் வழியில் பொற்கொல்லனைப் பார்த்துத் தலைக்கு அளவு கொடுத்துவிட்டார்.

ஆடிப்பெருக்கும் வந்தது. கூத்தாடியாறு பெயருக்கு ஏற்றபடி ஆடிக்கொண்டு வந்தது. பரிசல் சுற்றிய இடம் எது, பாறை எது, சுழி எது என்று ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒரே செந்நீர். வீரணனும் கூட்டாளிகளும் கைகட்டிக் கரையில் நின்றார்கள். பெருந்தேவி கண்ணை மூடிக்கொண்டாள். சேந்தன் தனியாக ஏறினான்.

பரிசல் சுற்றத் தொடங்கியது. கூட்டம் 'ஓ'வென்றது. சேந்தன் துடுப்பை மாற்றிப் போட்டான், சுற்று நின்றது. பாறை இருக்கும் சுவடே தெரியாமல் தண்ணீர் அதன் மேல் ஓடியது. ஆனால் முழங்கால் தழும்புக்கு அந்த இடம் தெரியும். ஒதுங்கிப் போனான்.

கடைசியில் சுழி பிடித்தது. நாகராயர் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சேந்தன் மல்லுக்கட்டவில்லை. அதன் போக்கிலேயே ஒரு சுற்றுச் சுற்றினான். விளிம்புக்கு வந்த நேரம் பார்த்துத் துடுப்பை ஓங்கி ஒரே வலி வலித்தான்! பரிசல் வெளியே வந்து திட்டில் போய் ஒட்டியது.

போன வழியே திரும்பியும் வந்தான். கையில் மஞ்சள், மீசையில் மண். நாகராயர் தலைப்பாகையை எடுத்துக் கட்டிக்கொண்டு, வெயில் அதிகமாக இருக்கிறது என்று யாரிடமோ சொன்னார்.

பெருந்தேவிக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், சந்தேகம் ஒரு பக்கம். வீரணனைப் பார்த்தாள். அவன் வேட்டியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. மகன் காதோரம் வந்து கேட்டாள். "நிசத்தைச் சொல்லுடா கண்ணு, அடியில யாரு இருந்தா?"

"மூன்று பேர் இருந்தார்கள் அம்மா" என்றான் சேந்தன். "அங்கே சுற்றினானே, அவன் ஒருத்தன். அங்கே முட்டினானே, அவன் ஒருத்தன். அந்தச் சுழியில் மூழ்கினானே, அவன் ஒருத்தன். மூன்று பேரும்தான் தள்ளினார்கள்."

பெருந்தேவி மீசையைத் துடைக்க எடுத்த முந்தானையை மெல்லக் கீழே விட்டாள். மண் ஒட்டிய மீசையோடுதான் சேந்தனுக்கு முடி சூட்டினார்கள்.

ஆகையால் கேட்டவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: விழாமல் கற்ற வித்தை கரையோடு நின்றுவிடும், விழுந்து விழுந்து கற்றதே வெள்ளத்தில் கைகொடுக்கும்.