தடம் விழாமல் நடப்பது எப்படி

திருச்செந்தூருக்குத் தெற்கே, தேரிக்காட்டின் செம்மணல் மேடுகள் கடலைத் தொடும் இடத்தில், சென்னை முதலாளி ஒருவர் சொகுசுக் கூடாரம் போட்டார். உள்ளே தேக்குக் கட்டில், ஏசி, வெள்ளி டம்ளரில் பதநீர். வழிகாட்டிகள் நான்கு பேர். மூத்தவர் தவசிக்கனி. அவர் புத்திசாலி என்று மற்ற மூவரும் சொன்னார்கள். ஆகவே யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

முதல் விருந்தாளிகள் கோயம்புத்தூர் மில்காரர் நாச்சிமுத்துவும் மனைவி சரஸாளும்.

முதலாளி தவசிக்கனியிடம் சொன்னார்: “யாரும் மிதிக்காத மணலைப் பார்க்கத்தான் வர்றாங்க. ஒரு காலடித் தடம் இருக்கக்கூடாது. அவங்களா கேட்காம வாய் திறக்காதீங்க. சாயங்காலம் வருவேன். அவங்க நல்லபடியா சொன்னா உனக்கு வேலை நிரந்தரம். இல்லேன்னா இன்னையோட சரி.”

வேலை நிரந்தரமாகிவிட்டது என்று தவசிக்கனி தன் மகளின் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

வெயில் தாழ்ந்ததும் விருந்தாளிகள் கிளம்பினார்கள். முன்னால் போனால் தடம் தெரியும் என்பதால் வழிகாட்டிகள் பின்னால் போனார்கள். தவசிக்கனி விளக்குமாற்றால் விருந்தாளிகளின் தடத்தை அழித்துக்கொண்டே நடந்தார்.

அவருக்கு அடுத்து வந்த வழிகாட்டி ஐகோர்ட்துரை நின்றான். “அண்ணாச்சி, உம்ம தடத்த யாரு அழிக்கது?”

“நீதாம்ல.”

“என் தடத்த?”

“லிங்கம். அவன் தடத்தப் பொன்பாண்டி.”

“பொன்பாண்டி தடத்த?”

நால்வரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

“இன்னொரு ஆளப் போடுவோம்,” என்றான் லிங்கம்.

“அவனுக்குக் கால் இல்லையால? கடைசி ஆள் நடக்கதாலதான இந்த வம்பு. அவன் நடக்காம நின்னுட்டா?” என்றார் தவசிக்கனி.

பொன்பாண்டியை அங்கேயே நிறுத்தினார்கள். அடுத்த மேட்டில் பார்த்தால் லிங்கம் கடைசி. அவனும் நின்றான். அதற்கடுத்த மேட்டில் ஐகோர்ட்துரை. கொஞ்சம் கழித்துத் தவசிக்கனி திரும்பிப் பார்த்தார். பின்னால் யாருமில்லை. கடமை தவறாமல் அவரும் நின்றார்.

கூடாரத்துக்குத் திரும்புவதாக நினைத்து விருந்தாளிகள் எதிர்த்திசையில் போனார்கள். அவர்கள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

பொழுது சாயும் நேரம், நாக்கு வறண்டு தவசிக்கனி நின்ற இடத்துக்கே திரும்பி வந்தார்கள். “ஏனுங்க, கூடாரம் எந்தப் பக்கமுங்க?” என்றாள் சரஸாள்.

“அந்தா, அந்தப் பக்கம்மா.”

“கூட வாங்க!”

“வந்தா தடம் விழுமே.”

“இருட்டறதுக்குள்ள கொண்டுபோய் உடுலீன்னா உங்க மொதலாளிகிட்டச் சொல்லிப்போடுவேன்!”

நடந்தாலும் வேலை போகும், நின்றாலும் போகும். தவசிக்கனிக்கு அழுகை வந்தது. “ஏல, நடக்காம எப்படிப் போறது?” என்று முந்தைய மேட்டில் நின்ற ஐகோர்ட்துரையைப் பார்த்துக் கத்தினார்.

“உருளும் அண்ணாச்சி! கோயில்ல உருளுதவுகளுக்குக் காலடி விழுதா?”

தவசிக்கனி கைகளைத் தலைக்குமேல் கூப்பி உருண்டார். வழியில் நின்ற மூவரும் ஒவ்வொருவராகப் படுத்துச் சேர்ந்துகொண்டார்கள்.

“ஏதோ சாமி இருக்குதாட்ட இருக்குதுங்க,” என்று சரஸாள் கணவனை முறைத்தாள். “நீங்க மட்டும் செருப்போட வர்றீங்களே!”

மில்காரரும் சட்டையைக் கழற்றிவிட்டு உருண்டார்.

கூடாரத்து வாசலில் முதலாளியின் ஜீப் நின்றது. ஐவரும் அதன் சக்கரத்தில் முட்டி நின்றார்கள். சந்நிதி வந்துவிட்டது என்று சரஸாள் ஜீப்பை மூன்று முறை சுற்றினாள். உள்ளே இருந்த முதலாளியைப் பார்த்துக் கும்பிட்டாள். இறங்குவதா வேண்டாமா என்று புரியாமல் அவர் கையை உயர்த்தினார்.

“வேலை நிரந்தரமா முதலாளி?” என்று தரையிலிருந்தே கேட்டார் தவசிக்கனி.

“கேக்கறாரில்லீங்க சாமி, வாக்குக் குடுங்க!” என்றாள் சரஸாள்.

“ஆகட்டும்,” என்றார் முதலாளி, உயர்த்திய கை உயர்த்தியபடி.

“அண்ணாச்சி, தள்ளிப் படும்,” என்றான் ஐகோர்ட்துரை. “எனக்கும் ஒண்ணு கேக்கணும்.”