கதவடைத்த செல்கள்

"மறுபடியும் செத்துப்போச்சு மேடம்."

சௌரிராஜன் குடுவையை மேசைமேல் வைத்தார். ஐம்பத்துநான்கு வயதில், கல்லூரி வேலைக்கு மூன்று ஆண்டு விடுப்புப் போட்டுவிட்டு ஆராய்ச்சிப் பட்டத்துக்கு வந்தவர். அன்று திங்கள். வெள்ளியோடு விடுப்பு முடிகிறது.

அவருடைய வழிகாட்டி மெஹருன்னிசாவுக்கு முப்பத்தெட்டு. அவர் இவரை சார் என்பார். இவர் அவரை மேடம் என்பார். அதில் இருவருக்கும் கூச்சம் இருந்ததில்லை.

"உறைய வெச்ச செல்லு இன்னும் எத்தனை டியூப் இருக்கு சார்?"

"ஒண்ணே ஒண்ணு."

"உட்காருங்க."

அவர் உட்காரவில்லை.

"ரத்தத்துக்குச் சிவப்பு தர்ற ஹீமை இந்த செல்லுங்க தானே செய்யுது. அதுக்கு முந்தின படி போர்ஃபிரின். எவ்வளவு பாடுபட்டுச் செய்யுது! செஞ்சதுல ஒரு பங்கை, சவ்வுல கதவு மாதிரி நிக்கற கடத்திப் புரதம் வெளியே தூக்கிப் போடுது. ஏன் மேடம் இந்த ஊதாரித்தனம்? அதான் அந்தப் புரதமே இல்லாத செல்லை வளர்த்தேன். கதவை அடைச்சா, செஞ்சது உள்ளேயே தங்கும்னு நினைச்சேன்."

"தங்குச்சா?"

"தங்குச்சே! ஊதா விளக்கைப் போட்டா செக்கச்செவேல்னு ஒளிரும், மாதுளைமுத்து மாதிரி. ரெண்டே நாள். அப்புறம் ஒண்ணு மிஞ்சறதில்ல."

"எத்தனை தடவை பார்ப்பீங்க?"

"மணிக்கு ஒரு தடவை. இதுல நான் சோம்பல் பட்டதே இல்ல."

மெஹருன்னிசா சிரித்துவிட்டார். "தூங்கற குழந்தையை எழுப்பி, தூங்கிட்டியான்னு கேக்கற ஆளா நீங்க!"

சௌரிராஜனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"கதவு இருக்கற செல்லையும் இப்படித்தான் பார்த்தீங்களா?"

"அதையும்தான். அது நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒளிராது. சும்மா கறுப்பாக் கிடக்கும்."

மெஹருன்னிசா கையை நீட்டினார். கடைசி டியூபை வாங்கினார். இளஞ்சிவப்பாக இருந்த வளர்ப்புத் திரவத்தில் அதைக் கலந்தார். குடுவையை அலுமினியத் தாளால் சுற்றி, வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்து, அறையைப் பூட்டிச் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என் செல்லு மேடம் அது."

"தெரியும் சார்."

செவ்வாய் முழுக்க சௌரிராஜன் பூட்டிய கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மணி அடிக்கும்போதெல்லாம் கால் தானாக எழுந்தது.

புதன்கிழமை கெஞ்சியே விட்டார். "ஒரே ஒரு தடவை மேடம்."

"டீ குடிச்சீங்களா?"

வியாழன் காலையில் மெஹருன்னிசா அறையைத் திறந்தார். விளக்கைப் போடவில்லை. நடைவழி வெளிச்சம் மட்டும் மங்கலாக உள்ளே வந்தது. அலுமினியத் தாளைப் பிரித்துக் குடுவையை நீட்டினார்.

திரவம் மஞ்சளாகியிருந்தது.

உயிருள்ள செல்கள் தின்று கழித்தால்தான் அந்த மஞ்சள் வரும். தம் கல்லூரி மாணவர்களுக்குச் சௌரிராஜனே அதை எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறார். கதவடைத்த குடுவையில் ஒருமுறைகூடக் கண்டதில்லை.

"கதவில்லாமலே உயிரோட இருக்கு." சௌரிராஜன் குடுவையை இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இருட்டுல."

மெஹருன்னிசா நுண்ணோக்கியின் ஊதா விளக்குச் சுவிட்சைக் காட்டினார்.

"ஊதாரித்தனம்னு சொன்னீங்களே. ஏன்னு தெரிய வேணாமா? போட்டு, உட்கார்ந்து, ஆசை தீரப் பாருங்க."

சௌரிராஜனின் கை சுவிட்சு வரை போனது. அங்கேயே நின்றது.

கையை எடுத்துக்கொண்டார்.

"வேண்டாம் மேடம். உள்ளே தேங்கின போர்ஃபிரின் மேல வெளிச்சம் பட்டா விஷமாயிடுது, அதான் கதவு அதை வெளியே தள்ளுது."

"உங்களுக்குப் புரிஞ்சாப் போதுமா? நாளைக்குத் தேர்வாளர் படம் கேப்பாரே!"

சௌரிராஜன் குடுவையிலிருந்து ஒரே ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் தட்டில் விட்டார். மிச்சத்தை மூடி, சுற்றி, பெட்டிக்குள் வைத்தார். கேமராவைப் பொருத்தினார்.

விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்தது.

"எப்படி இருந்தது சார்?"

அவர் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

"பார்க்கலை மேடம்."