முதல் மரியாதைத் தண்ணீர்

முன்னொரு காலத்தில் தேனாற்று நாட்டை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் அவன் செய்ததை யாராவது குறை சொன்னால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். சின்ன மகள் குமுதவல்லி கலகலவென்று சிரித்தால் மட்டும் அந்தக் கோபம் போன இடம் தெரியாது.

ராஜாவுக்கு ஈயச் சொம்பில் வைத்த ரசம் என்றால் உயிர். ஒருநாள் அவன் ரசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது அரண்மனை அதிகாரி உத்தண்டராயர் குழைந்தார். "மகாராஜா, ரசத்துக்கே இந்த மணம் என்றால், மலைச் சுனைத் தண்ணீரை ஈயக் குழாயில் கொண்டுவந்தால் எப்படி இருக்கும்!"

ராஜா துள்ளிக் குதித்தான். சொம்பு வெள்ளீயம், குழாய்க்கு வார்க்கப்போவது காரீயம், அது குடிக்கிற தண்ணீரில் விஷம் என்று சபையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மந்திரி நல்லபெருமாளுக்கும்தான். நாக்கு ஊறும்போது மூளை எங்கே வேலை செய்யும்?

பழைய மண்குழாய்கள் பலவற்றைப் பிடுங்கிவிட்டு ஈயக் குழாய் பதித்தார்கள். பார்க்க ஒரே அழகாக இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு பூசச் சொன்னான் ராஜா. எது மண், எது ஈயம் என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று.

கொஞ்ச காலத்தில் குமுதவல்லிக்கு வயிற்றுவலி வந்தது. முகம் வெளுத்தது. பாடிய பாட்டெல்லாம் மறந்தது. வைத்தியர்கள் கஷாயம் கொடுத்தார்கள், தாதிகள் திருஷ்டி கழித்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. ராஜா கட்டிலருகே உட்கார்ந்து, "ஒரு தடவை சிரிடா கண்ணு" என்று கெஞ்சுவான். பிள்ளை அவன் விரலைப் பிடித்துக்கொண்டு சும்மா படுத்திருக்கும்.

மந்திரி தெருத்தெருவாக நடந்து பார்த்தார். கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற தெருவில் பிள்ளைகள் புழுதி கிளப்பின. குழாய்த் தெருவில் பிள்ளைகள் சுருண்டு கிடந்தன. ஓடிவந்து ராஜாவிடம், "அரசே, அந்தக் குழாய்..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம்.

"என் குழாயைக் குறை சொல்கிறவன் எல்லை தாண்டிப் போகட்டும்!" என்று கர்ஜித்தான் ராஜா.

உத்தண்டராயர் மீசையைத் தடவினார். "பெயர் எனக்கு வந்துவிட்டதே என்று மந்திரிக்கு வயிற்றெரிச்சல், மகாராஜா!"

மந்திரி வாயை மூடிக்கொண்டார், கண்ணை மூடவில்லை. உத்தண்டராயர் வீடு இருப்பதும் குழாய்த் தெருவில்தான். ஆனால் அவருடைய பேரன் கந்தப்பன் மட்டும் அணில் மாதிரி ஓடுகிறானே! விசாரித்தால், அந்த வீட்டுப் பின்கட்டுக்கு விடியுமுன் கிணற்றுத் தண்ணீர் குடம் குடமாகப் போகிறது.

மறுநாள் சபையில் மந்திரி கைகூப்பினார். "அரசே, நேற்றுப் பிழை செய்தேன். குழாய் போட்ட மகானுக்கு நாம் ஒரு மரியாதையும் செய்யவில்லையே! கோயிலில் முதல் மரியாதை இல்லையா? அதுபோல, இரவெல்லாம் குழாயில் தங்கி விடியலில் விழும் முதல் தண்ணீர் இனி உத்தண்டராயருக்கும் அவர் பேரனுக்கும் என்று உத்தரவு போடுங்கள்."

"பேஷ்!" என்றான் ராஜா.

அடுத்த விடியலில் மேளம் கொட்டினார்கள். உத்தண்டராயருக்குப் பரிவட்டம் கட்டினார்கள். வெள்ளிக் கிண்ணத்தில் தண்ணீரை நீட்டினார்கள். மனுஷன் வீம்புக்காரர், கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டார். அடுத்த கிண்ணம் கந்தப்பனிடம் போனது. பிள்ளை ஆசையாக உதட்டில் வைக்கப் போனான்.

"வேண்டாம்டா!" உத்தண்டராயர் பாய்ந்து கிண்ணத்தைத் தட்டிவிட்டார். பரிவட்டம் அவிழ்ந்து விழுந்தது. பேரனை இறுகக் கட்டிக்கொண்டு விம்மினார். "இவனுக்கும் இப்படித்தான் வயிறு நொந்தது, மகாராஜா. கிணற்றுத் தண்ணீருக்கு மாற்றினேன், தேறிவிட்டான். வெளியே சொன்னால் என் பேரும் போகும், தலையும் போகும் என்று பயந்துவிட்டேன்."

"பாவி! என் மகளுக்கு மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தாயே!" ராஜாவின் கை வாளுக்குப் போனது.

மந்திரி மெல்லச் சொன்னார்: "அவர் செய்தது பெரிய குற்றம், அரசே. ஆனால் இந்தச் சபையின் வாயைக் கட்டியது யார்?"

ராஜாவின் கை தானாகத் தளர்ந்தது. கீழே கிடந்த பரிவட்டத்தை எடுத்து மந்திரியின் தலையில் கட்டினான். "அது சரி, பிள்ளை குடித்திருந்தால்?"

"அவர் தட்டாவிட்டால் நான் தட்டியிருப்பேன், அரசே. பக்கத்தில்தானே நின்றேன்."

இப்போது ஈயக் குழாயைக் கண்டுபிடிப்பது எப்படி? "பானை வாங்கும்போது பெண்கள் என்ன செய்வார்கள்? தட்டிப் பார்ப்பார்கள்" என்றார் மந்திரி. அப்படியே தெருத்தெருவாகத் தட்டினார்கள். மண்குழாய் கணீர் என்றது. ஈயம் மொத்தென்றது. மொத்தென்ற இடத்தில் சுரண்டினால் சுண்ணாம்புக்கு அடியில் வெள்ளியாகப் பளபளத்தது. சுரண்டியவன் ராஜா, மண்வெட்டி பிடித்தவர் உத்தண்டராயர். அதுதான் அவருக்குத் தண்டனை. ராஜாவுக்கும் அதுதான் என்று ஊர் சிரித்தது. குயவர்கள் புது மண்குழாய் சுட்டுக் கொடுத்தார்கள். அதுவரை ஊர் முழுக்கக் கிணற்றுத் தண்ணீர்தான்.

குமுதவல்லி ஒரேயடியாக எழுந்துவிடவில்லை. சிறுகச் சிறுகத்தான் தேறினாள். ஒரு மாலைப்பொழுது, குழாய் தட்டிக் களைத்து வந்த அப்பாவின் மடியில் ஏறினாள். மகுடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அவன் நெற்றியில் விரலை மடக்கித் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள்.

"எப்படிம்மா கேக்குது? மொத்துனு இருக்கா?" என்றான் ராஜா, கொஞ்சம் பயந்துகொண்டே.

"இப்ப கணீர்னு கேக்குதுப்பா" என்று சொல்லிக் கலகலவென்று சிரித்தாள்.