இருட்டாக இருந்த தட்டு

ஐம்பத்தாறு வயதில் டாக்டர் அருளப்பன் மறுபடியும் மாணவரானார். நெல்லையில் இருபத்தைந்து வருடம் கல்லீரல் வைத்தியம் பார்த்தவர், கிளினிக்கை மூடிவிட்டுக் கோவையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அதை நடத்தியவர் தாஹிரா. அவருக்கு வயது முப்பத்தெட்டு. அவர் இவரை "டாக்டர்" என்பார். இவர் அவரை "மேடம்" என்பார்.

சேர்ந்த அன்றே அருளப்பன் சொன்னார்: "ஹெபடைடிஸ் சி வைரஸை எப்படிக் கொல்வது என்று கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன், மேடம்."

தாஹிரா அவரை ஆய்வு மேசைக்கு அழைத்துப் போனார். இரண்டு தட்டுகளில் கல்லீரல் செல்களை வளர்க்கச் சொன்னார். ஒன்றில் மட்டும் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வைச் சேர்க்கச் சொன்னார். வெறும் இருபத்திரண்டு மரபெழுத்து நீளமுள்ள துணுக்கு அது. பிறகு இரண்டிலும் வைரஸை விட்டார்கள். நுழைந்த செல் பச்சையாக ஒளிரும்படி அந்த வைரஸை மாற்றியிருந்தார்கள்.

மூன்றாம் நாள் அருளப்பன் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். முதல் தட்டு முழுக்கப் பச்சை. துணுக்குச் சேர்த்த தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகள். மற்றதெல்லாம் இருட்டு.

"கொன்றுவிட்டது, மேடம்."

தாஹிரா இன்னொரு தட்டை எடுத்து வந்தார்.

"வைரஸ் விட்ட அன்று, இப்போது இருட்டாக இருக்கும் தட்டிலிருந்து வைரஸ் கலந்த திரவத்தைக் கழிவுக்கு எடுத்து வைத்தீர்கள். அதைப் புதுச் செல்கள்மேல் ஊற்றி வைத்திருந்தேன். பாருங்கள்."

பார்த்தார். பச்சைப் பசேல் என்றிருந்தது.

"அப்படியானால் வைரஸ் சாகவில்லை."

"சாகவில்லை."

"துணுக்கு அதை என்னதான் செய்தது?"

"தொடக்கூட இல்லை. செல்லின் மேற்பரப்பில் ஒரு புரதம் உண்டு. வைரஸ் அதைப் பிடித்துத்தான் உள்ளே வர வேண்டும். அதைத் தயாரிக்கச் சொல்லி செல்லுக்குள் ஒரு செய்தி போகும். துணுக்கு அந்தச் செய்தியில் போய் ஒட்டிக்கொண்டது. புரதம் குறைந்துவிட்டது. வைரஸ் வெளியிலேயே நின்றுவிட்டது."

அருளப்பன் இருட்டுத் தட்டை மறுபடி வைத்துப் பார்த்தார். இத்தனை வருடம் மருந்தை வைத்து வைரஸோடு மல்லுக்கட்டியவர் அவர். இருபத்திரண்டே எழுத்து, எதிரியின் பக்கம் திரும்பாமலே காரியத்தை முடித்திருந்தது. கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

கடைசியில் நிமிர்ந்தார்.

"என் தம்பிக்கு இந்த நோய்தான், மேடம். இப்போதைய மாத்திரைகள் வராத காலம். என் கல்லீரலில் பாதியை வெட்டிக் கொடுத்தேன். சில நாளிலேயே வைரஸ் அதிலும் நுழைந்துவிட்டது. ஐந்து வருடம் இருந்தான்."

தாஹிரா கையுறையைக் கழற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அந்தப் புரதம் அறவே இல்லாமல் செய்ய முடியாதா?" என்றார் அருளப்பன். "துணுக்கைப் பத்து மடங்கு விட்டால்?"

"விட்டுப் பாருங்கள்."

விட்டார். புதுத் தட்டில், மூன்று நாள் கழித்து, ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லை. சந்தோஷத்தோடு நுண்ணோக்கியைச் சாதாரண வெளிச்சத்துக்கு மாற்றிப் பார்த்தார். செல்கள் சுருங்கி, தட்டைவிட்டுப் பெயர்ந்து, மிதந்துகொண்டிருந்தன.

"எல்லாம் செத்துவிட்டன, மேடம்."

"துணுக்கு ஒரு செய்தியோடு நிற்காது, டாக்டர். செல் பிழைக்கத் தேவையான எத்தனையோ செய்திகளிலும் ஒட்டும். அந்தப் புரதமும் வைரஸுக்காக வைத்ததல்ல. செல் தன் பிழைப்புக்கு வைத்திருப்பது."

அருளப்பன் தட்டை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"நான் கொடுத்த கல்லீரல், வைரஸ் நுழையும் வழியோடு சேர்த்துத்தானே அவனுக்குள் போயிருக்கிறது?"

"ஆமாம்."

"பதினாறு வருடமாக அதுதான் உறுத்துகிறது."

தாஹிரா செத்த செல்கள் மிதந்த தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"வழியே இல்லாத கல்லீரல் இதோ இருக்கிறது, டாக்டர். இதைக் கொடுத்திருந்தால் தம்பி ஐந்து நாள் இருந்திருப்பாரா?"