ஆறு கால் ஐ.சி.

மொட்டைப்பாறை உயர்நிலைப் பள்ளியில் எலக்ட்ரானிக்ஸ் மன்றம் என்று ஒன்று உண்டு. உறுப்பினர்கள் மூன்று பேர். மூளை எத்தனை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். தலைவி, பத்தாம் வகுப்பு ஜெபராணி.

"இருட்டினா தானா எரியற விளக்கு செய்யுங்க. சோதிக்க வர்றவர் சரின்னுட்டா திருநெல்வேலி கண்காட்சிக்குப் போகலாம். இல்லேன்னா மன்றத்தைக் கலைச்சுட்டு, அந்த ரூம்ல உடைஞ்ச பெஞ்சைப் போட்டுருவேன்" என்றுவிட்டார் தலைமையாசிரியர். மூன்று வருஷமாக ஜெபராணி பெருக்கித் துடைத்த அறை அது.

இயற்பியல் ஆசிரியர் செல்லத்துரை சார் ஒரு புத்தகத்தை நீட்டினார். "இந்தப் படத்துல இருக்கிறபடியே செய்யணும். ஒண்ணும் விடக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டார்.

படத்தில் இருந்ததெல்லாம் மன்றத்தின் சாமான் பெட்டியில் இருந்தது, ஒன்றைத் தவிர. இரண்டு கம்பிகளுக்கு நடுவே, கறுப்பாக, சப்பையாக ஒரு சாமான்.

"ஐ.சி. சிப்புதான். கால் தெரியுது பாரு" என்றான் சுடலைமணி.

"ஐ.சி.க்கு எட்டு காலுல்லா? இதுக்கு ஆறுதான் இருக்கு" என்றாள் ஜெபராணி.

அந்தோணிராசு பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தான். "ஏட்டி, இது கொசு! படத்து மேல நசுங்கி ஒட்டியிருக்கு."

"கொசுவா இருந்தா என்னலே? படத்துல இருக்கா, இல்லையா?" என்றாள் ஜெபராணி.

"இருக்கு."

"அப்போ பிடி."

படத்தில் கால் எந்தப் பக்கம் மடங்கியிருந்ததோ அதே பக்கம் மடங்கும்படி அடிக்க வேண்டியிருந்ததால் ஏழு கொசுக்கள் வீணாயின. எட்டாவது கச்சிதமாக அமைந்தது. பசை போட்டு ஒட்டினார்கள்.

ஜன்னலைச் சாத்தினார்கள். விளக்கு எரிந்தது! உடனே அணைந்தது. மறுபடி எரிந்தது, மறுபடி அணைந்தது.

"போச்சு! பெஞ்சு வந்துரும்" என்று அழாக்குறையாகச் சொன்னான் சுடலைமணி.

ஜெபராணி நெற்றியைச் சுருக்கினாள். "விளக்கு மேல தப்பே இல்லலே. எரிஞ்சா வெளிச்சம் வந்திருது. வெளிச்சம் வந்தா அணையத்தானே செய்யும்?"

"அப்போ வெளிச்சம் வராம எரியணும்" என்றான் அந்தோணிராசு.

அடேயப்பா, என்ன யோசனை! பல்பின் மேல் பால்பவுடர் டப்பாவைக் கவிழ்த்தார்கள். அதன்பின் விளக்கு அணையவே இல்லை. அறை கும்மிருட்டாகக் கிடந்தது. ஜெபராணிக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

சோதிக்க வந்தவர் இருட்டில் தடவிக்கொண்டே கேட்டார்: "எங்கம்மா விளக்கு?"

"டப்பாவைத் தொட்டுப் பாருங்க சார்."

தொட்டார். "ஆ!" என்று கையை உதறினார். "சரி, வெளிச்சத்தைக் காணோமே?"

"விளக்கு எரியணும்னுதான் சார் சொன்னாங்க. வெளிச்சத்தைப் பத்தி யாரும் பேச்சே எடுக்கலையே."

அவர் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். 'விளக்கு தானாக எரிகிறதா?' என்ற ஒரு கேள்விதான் இருந்தது. சுட்ட விரலை ஊதிக்கொண்டே 'ஆம்' என்று எழுதிவிட்டுப் போனார். அறை தப்பியது.

திருநெல்வேலிக்குக் கிளம்புகிற அன்று காலையில் செல்லத்துரை சார் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். "நேத்து போன்ல சொன்னபடி ஸ்பேர் எல்லாம் எடுத்தாச்சா? சார்ஜ் போட்டாச்சா?"

ஜெபராணி பெரிய ஊறுகாய் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே ஐம்பது கொசுக்கள் ரீங்காரமிட்டன.

"என்னம்மா இது?"

"ஸ்பேர் ஐ.சி. சார்."

சார் பாட்டிலைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து உற்றுப் பார்த்தார். அவர் கவலைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு, மூவரும் தடித்துச் சிவந்த கைகளை ஒன்றாக நீட்டினார்கள்.

"பயப்படாதீங்க சார். நேத்திலேருந்து மாறி மாறிக் கையை உள்ளே விட்டு, எல்லாத்துக்கும் ஃபுல் சார்ஜ் போட்டுட்டோம்!"