கடல்பசு மூச்சு விட்ட காலை

புதுக்கோட்டையில் அரிசிக்கடை வைத்திருந்த வைரவன், உமையாள் அம்மாவைத் தேடித் தொண்டிக்கு வந்தார். வைரவனுக்கு அறுபது தாண்டிவிட்டது. கடற்கரையில் சின்னக் குடில் போட்டுத் தியானம் சொல்லிக்கொடுத்து வந்த அம்மாவுக்கு அவரைவிட வயது நன்றாகக் குறைவு. இருந்தாலும் வாசலிலேயே விழுந்து கும்பிட்டார்.

"எனக்கு மௌன விரதம் குடுங்கம்மா. சாகுற வரைக்கும்."

"எதுக்கு ஐயா?"

"ஆடியில என் வீட்டுக்காரி போயிட்டா. விசாலம்னு பேரு. இத்தனை வருஷமும் அவகூடத்தான் பேசினேன். இனிமே யாருகூடவும் பேச்சு வேண்டாம்."

அம்மா கரையோரம் கட்டியிருந்த படகைக் காட்டினார்.

"சனி, ஞாயிறு ரெண்டு நாளும் படகுல போறேன். வேலை ஒண்ணும் கிடையாது, சும்மாதான். நீங்களும் வாங்க. திங்கட்கிழமை ஆரம்பிச்சுக்கலாம்."

தை மாதம். மழை ஓய்ந்து, கடல் குளம் மாதிரிக் கிடந்தது. படகு சின்னது, இரண்டு பேர் காலை நீட்டினால் நிறைந்துவிடும். அம்மாவே பாய்மரத்தில் பாயை விரித்தார், அம்மாவே சுக்கானைப் பிடித்தார். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே தெற்குப் பக்கமாகப் போனார்கள்.

"எங்கம்மா போறோம்?"

"இன்னும் முடிவு பண்ணலை."

திங்கட்கிழமைக்கு ஒத்திகையாக இருக்கட்டும் என்று வைரவன் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கையைத் தண்ணீரில் விட்டார்.

"அட, குளிர்காலத்துல கடல் இப்படி வெதுவெதுன்னா இருக்கும்?"

சொன்ன பிறகுதான் பேசிவிட்டோம் என்பது உறைத்தது.

மத்தியானம் புளியோதரை. இன்னொரு பிடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆடிக்குப் பிறகு எந்தச் சாப்பாட்டையும் அவர் இரண்டாம் தடவை கேட்டதில்லை. பாயின் நிழலில் படுத்தவர் அப்படியே தூங்கிப்போனார். சாயங்காலம் ஒரு மணல்திட்டின் ஓரம் நங்கூரம் போட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் வெகுதூரம் நடந்துவிட்டு வந்தார். உடம்பு அசதியாக இருந்தது. அந்த அசதி அவருக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா அடுப்பில் காபி போட்டுக்கொண்டிருந்தார். வைரவன் படகின் விளிம்பில் சாய்ந்து, அடியில் அசைகிற கடற்புல்லைப் பார்த்தபடி இருந்தார். பக்கத்திலேயே சாம்பல் நிறத்தில், கொழுகொழுவென்று ஏதோ பெரிதாக மேலே வந்தது. தண்ணீருக்கு வெளியே இரண்டு மூக்குத் துவாரங்கள் திறந்தன.

'ப்ஹூஸ்!'

வைரவன் முகமெல்லாம் ஈரம். கடற்புல் மேய வந்த கடல்பசு அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

அவ்வளவுதான், வைரவன் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, படகே ஆடுகிற மாதிரி, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். அம்மா டம்ளரை நீட்டியபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டென்று சிரிப்பு நின்றது. காபியை வாங்கிக் கீழே வைத்துவிட்டார். குடிக்கவில்லை.

அம்மா நங்கூரத்தைத் தூக்கினார். திரும்பும்போது காற்று எதிரே அடித்ததால் வளைந்து வளைந்துதான் வர முடிந்தது. பாதி வழியில் வைரவன் வாய் திறந்தார்.

"அவ போயி ஆறு மாசம்தான் ஆகுது. நான் வயிறு வலிக்கச் சிரிக்கிறேன். அவ மேல எனக்கு இருந்த பிரியம் அவ்வளவுதானா? திங்கட்கிழமை வரைக்கும் எதுக்கும்மா? இப்பவே குடுத்திருங்க. இந்த வாய்க்கு வெக்கமில்லை."

"குடுக்குறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. அவ்வளவு பெரிய உருவம் பக்கத்துல வந்தா யாருக்கும் பயம்தான் வரும். உங்களுக்கு ஏன் சிரிப்பு வந்துச்சு?"

வைரவன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்தச் சத்தம்மா."

"என்ன சத்தம்?"

"விசாலம் தும்முற சத்தம். அச்சு அசல் அதேதான். அவ மாடியில தும்மினா, கீழே கடையில மூட்டை தூக்குறவன் மூட்டையைப் போட்டுருவான்." அவர் குரல் மெல்ல ஏறியது. "கல்யாணத்தன்னைக்கு நான் தாலியைக் கையில எடுக்குறேன், ஓமப் புகையில தும்மினா பாருங்க! மேளமே நின்னுபோச்சு. அபசகுனம்னு பெரியவங்க முகமெல்லாம் இருண்டுபோச்சு. மாமா என் கையைப் பிடிச்சுத் தடுக்கப் பாக்குறார். எனக்கானா சிரிப்பை அடக்க முடியலை. சிரிச்சுக்கிட்டே கட்டிட்டேன்."

"பாவம், அவங்க அழுதுட்டாங்களா?"

"அவளா? குனிஞ்ச தலை நிமிராம அவதான் முதல்ல சிரிச்சா. அதைப் பாத்துத்தான் எனக்கும் வந்துச்சு."

அம்மா பாய்க்கயிற்றைத் தளர்த்தினார். படகு வேகம் குறைந்து தண்ணீரில் மிதந்தது. கரைக்கு இன்னும் தூரம் இருந்தது.

"இன்னைக்கும் அதே தும்மல்தானே?" என்று கேட்டார் அம்மா. "இன்னைக்கு யாரு ஐயா முதல்ல சிரிச்சது?"